வடை எண்ணெயில் ஓடிய படகு

காப்பார்
16 ஜூலை 2024

அன்பு அக்காவுக்கு,

நான்தான், பக்கிரிசாமி. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, பாதியாவது படி. நானும் தாமரையும், புருஷன் பெண்டாட்டி இருவரும் நன்றாக இருக்கிறோம். உனக்குச் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது? மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

போனில் பேசித் தொலைக்கலாமே என்பாய். என் காது முழுசாகப் போய்விட்டது. முப்பது வருஷம் என்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்ததற்குக் கிடைத்த பரிசு. போனில் எழுதலாம் என்றால் என் விரல் பட்டதும் இரண்டு எழுத்து சேர்ந்தே விழுகிறது. அதனால்தான் கடிதம். மீன் லோரி ஓட்டும் தங்கமணி புதன்கிழமைதோறும் பிரிக்பீல்ட்ஸ் வருகிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். டீசல் விலை ஏறியதிலிருந்து கடலுக்குப் போய் வந்தால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. மானிய டீசலுக்கு அட்டை வேண்டும், என் படகுக்கு அது கிடைக்கவில்லை. இங்கே நிஜாம் என்று ஒரு மெக்கானிக், ராமநாதபுரத்துக்காரர், வேலை பெர்மிட்டில் இந்த நாட்டுக்கு வந்திருக்கிறார். "அண்ணே, வடை பொரிச்ச எண்ணெய் கிடைச்சா போதும். உங்க பழைய என்ஜின் அதுலயே ஓடும். டீசல்ல ஸ்டார்ட் பண்ணுங்க, சூடானதும் எண்ணெய்க்கு மாத்துங்க, நிறுத்துறதுக்கு முன்னாடி மறுபடியும் டீசல். அவ்வளவுதான்" என்கிறார். நீ தினமும் வடை போடுகிறாய். பழைய எண்ணெயை யாரோ வந்து எடுத்துப் போகிறார்களாமே. அதை எனக்குத் தரமுடியுமா?

அத்தான் காரியத்துக்கு வராததைப் பற்றி இதில் எழுதவில்லை. எழுதினால் சாக்குச் சொல்கிறேன் என்பாய்.

தம்பி
பக்கிரிசாமி


பிரிக்பீல்ட்ஸ்
24 ஜூலை 2024

பக்கிரி,

நான் இருக்கிறேனா செத்தேனா என்று ஐந்து வருஷமாகக் கேட்காதவன், எண்ணெய் வேண்டும் என்றதும் சர்க்கரை அளவைக் கேட்கிறாய். ஒன்பதில் இருக்கிறது. போதுமா?

நீ எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். அத்தான் உயிர் போன அன்றைக்கு ராத்திரி முழுக்க உனக்குப் போன் அடித்தேன். கிள்ளான் கடலில் அஸ்தி கரைக்க, சொந்தத் தம்பி படகு வைத்திருக்கும்போது, எவனோ ஒருவன் கூலிப் படகில் ஏறினேன். அந்தப் படகுக்காரன் கேட்டான், "ஏன்க்கா, வீட்டு ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்று. பிள்ளை இல்லாதவள், கூடப் பிறந்தவனும் வரவில்லை என்று அவனிடம் சொல்லவா? அந்தக் கேள்வி இன்னும் என் வயிற்றில் கிடக்கிறது.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். தங்கமணியிடம் இரண்டு டின் கொடுத்திருக்கிறேன். வழக்கமாக வாங்கிப் போகிறவனிடம் இனி கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுண்டிப் போயிற்று. துணியில் வடிகட்டித்தான் ஊற்றியிருக்கிறேன். வெங்காயம் கிடந்தால் எடுத்துப் போட்டுவிடு.

தாமரையை விசாரித்ததாகச் சொல். உன்னை விசாரித்ததாக நினைத்துக்கொள்ளாதே.

ரமணி


காப்பார்
13 ஆகஸ்ட் 2024

அன்பு அக்காவுக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் நான் சுகம்தான். சர்க்கரை ஒன்பது அதிகம், குறை.

சும்மா சொல்லக்கூடாது அக்கா, என்ஜின் ஜம்மென்று ஓடுகிறது. நிஜாம் இன்னொரு டாங்க் வைத்து, புகைக் குழாயைச் சுற்றிச் செப்புக் குழாய் ஓட்டி, எண்ணெய் சூடாகிப் போகிற மாதிரி பண்ணியிருக்கிறார். போகிற வழியெல்லாம் வடை வாசம். படகு கட்டும் ஜெட்டியில் ஒரே கேலி. "பக்கிரி, மீன் பிடிக்கப் போறியா, கடை போடப் போறியா லா?" என்கிறார்கள். எனக்குக் கேட்காது என்ற தைரியம். உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தாமரை ஈப்போவில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். போனை வீட்டில் போட்டுவிட்டு நான் நண்டு வலைக்குப் போயிருந்தேன். காலையில் வந்து பார்த்து உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்தாய். ஏதோ சொன்னாய். காது அப்போதே போக ஆரம்பித்துவிட்டது, நான்தான் யாரிடமும் சொல்லவில்லை, வெட்கம். "என்னக்கா, என்னக்கா" என்று கேட்டேன். நீ வைத்துவிட்டாய். அத்தான் போன செய்தி எனக்குத் தெரிந்தது ஒரு வாரம் கழித்து. அப்போதாவது வந்திருக்க வேண்டும். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது என்று நின்றுவிட்டேன்.

வருகிற மாசி திதிக்கு நீ காப்பாருக்கு வா. என் படகில், அத்தானைக் கரைத்த இடத்துக்கே உன்னைக் கூட்டிப் போகிறேன். இதை மட்டுமாவது செய்ய விடு.

தம்பி
பக்கிரி


பிரிக்பீல்ட்ஸ்
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பக்கிரிக்கு,

நீயும் தாமரையும் நன்றாக இருக்க வேண்டும். நேற்று எட்டு, குறைந்திருக்கிறது.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஒரு ஈடு வடை கருகிப் போயிற்று. அன்றைக்கு நான் போனில் என்ன சொன்னேன் தெரியுமா? "அத்தான் போயிட்டாருடா, படகை எடுத்துக்கிட்டு வாடா" என்று கத்தினேன். நீ "என்னக்கா, என்னக்கா" என்றாய். தூக்கக் கலக்கத்தில் அக்கறையில்லாமல் கேட்கிறாய் என்று நினைத்து வைத்துவிட்டேன். காது கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னடா? நானாவது இன்னொரு முறை கூப்பிட்டிருந்தால் என்ன? ஐந்து வருஷம் இப்படியா வீணாகப் போகவேண்டும்? நினைத்தால் ஆறவில்லை.

உன்னைத் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதி இருக்கட்டும், தேவைப்படும்.

மாசிக்குக் கண்டிப்பாக வருகிறேன். உன் படகில்தான் போகவேண்டும், வேறு எதிலும் ஏறமாட்டேன். மிதக்கிற ஜாக்கெட் ஒன்று என் உடம்புக்குத் தக்கதாக வாங்கி வை. எனக்கு நீச்சல் தெரியாது, உனக்கோ காது கேட்காது. நான் விழுந்து கத்தினால் நீ பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பாய்.

அக்கா
ரமணி


பிரிக்பீல்ட்ஸ்
23 அக்டோபர் 2024

அன்புள்ள பக்கிரிக்கு,

முறுக்கு ஆர்டரில் மூச்சுவிட நேரமில்லை. கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம். தாமரைக்குச் சேலை அனுப்பியிருக்கிறேன், உனக்கு முறுக்கு. தம்பி பெண்டாட்டி கட்டுகிற மாதிரி நிறம் பார்த்து எடுத்தேன், பிடிக்கவில்லை என்றால் பிடித்ததாகச் சொல்லச் சொல்.

போன வாரம் ஒரு கெட்ட கனவு. படகு இருக்கிறது, நீ இல்லை. எழுந்து உட்கார்ந்து விடிகிறவரை அழுதேன். அதை விடு.

இந்தத் தடவை மூன்று டின் வருகிறது. அதில் மஞ்சள் துணி கட்டிய டின்னைத் தீபாவளி கழிந்து கடலுக்குப் போகும் முதல் நாளில் ஊற்று. அதைத்தான் முதலில் ஊற்றவேண்டும். ஏன் என்று இப்போது கேட்காதே, பிறகு சொல்கிறேன்.

பண்டிகையன்று எண்ணெய் தேய்த்துக் குளி. டின் எண்ணெயை அல்ல.

அக்கா
ரமணி


காப்பார்
26 நவம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

தாமரை சுகம். நானும் சுகம். உன் கால் வீக்கம் குறைந்ததா?

மூன்று புதன்கிழமையாகக் கடிதம் இல்லை என்று கோபமாக இருப்பாய். ஒரே மழை, வேலையும் அதிகம். கையெழுத்து கோணலாகத் தெரிந்தால் அது சோம்பல். படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படகு நன்றாக இருக்கிறது. எண்ணெயும் நல்ல எண்ணெய். நிறுத்தாமல் அனுப்பு.

சேலை தாமரைக்குப் பிடித்திருக்கிறது. முறுக்கு தீர்ந்துவிட்டது.

தம்பி
பக்கிரி


பிரிக்பீல்ட்ஸ்
11 டிசம்பர் 2024

அன்புள்ள பக்கிரிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அப்படியும் மனசு கேட்காமல் போன புதனன்று தங்கமணியைப் பிடித்து, "உண்மையச் சொல்லுங்க, என் தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். "நல்லாதான் இருக்காரு லா அக்கா" என்று மீன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். என்ன மனுஷனோ, முகம் பார்த்துப் பேசத் தெரியவில்லை.

மஞ்சள் துணி டின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் கோயில் விளக்குகளைத் துடைத்து வைப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். நவராத்திரி முழுக்க அம்மன் முன்னால் எரிந்த அகல்களில் மீந்த நெய்யை வழித்துச் சேர்த்தேன். அதைக் காய்ச்சி அந்த டின்னில் பாதிக்குப் பாதி ஊற்றினேன். யாரிடமும் சொல்லாமல் செய்தால்தான் பலிக்கும் என்று மனசில் பட்டது. சாமி முன்னால் எரிந்த நெய் உன் என்ஜினுக்குள்ளும் எரிந்தால் கடலில் உனக்கு ஒன்றும் ஆகாது. பார், ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கெட்ட கனவு அதோடு போயிற்று.

தைப்பூசம் கழித்து இன்னொரு டின் சேர்த்துத் தருகிறேன். திதி பிப்ரவரி பதினேழாம் தேதி வருகிறது. ஜாக்கெட் வாங்கினாயா? கடையில் இருக்கும் எல்லாரிடமும் தம்பி படகில் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி நாள் எண்ணுகிறேன், சிரிக்காதே.

அக்கா
ரமணி


காப்பார்
7 ஜனவரி 2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இங்கே எல்லாரும் சுகம்.

நெய் ஊற்றியது நல்லதுதான் அக்கா. ஆனால் இனி வேண்டாம். கோயில் பொருள், நமக்கு எதற்கு.

பிறகு, மாசியில் கடல் சரியாக இருக்காது என்று சொல்கிறார்கள். உன்னைக் கூட்டிப் போகப் பயமாக இருக்கிறது. திதியை இந்த வருஷம் கோயிலிலேயே கொடுத்துவிடலாமா? படகு எங்கே போகப் போகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன்.

தம்பி
பக்கிரி


காப்பார்
16 ஜனவரி 2025

மரியாதைக்குரிய ரமணி அக்கா அவர்களுக்கு,

மெக்கானிக் நிஜாம் எழுதுகிறேன். இறைவன் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். எண்ணெய் டின்னில் உங்கள் கடை முகவரி ஒட்டியிருந்தது, அதைப் பார்த்துத்தான் தபாலில் அனுப்புகிறேன். தங்கமணி அண்ணனிடம் கொடுத்தேன், வாங்கமாட்டேன் என்றுவிட்டார். என்ன காரணமோ தெரியவில்லை.

உங்களிடம் ஒரு உதவி. நீங்கள் அனுப்பும் டின்கள் எல்லாம் பக்கிரி அண்ணன் வீட்டுக்குப் பின்னால் திறக்காமலே அடுக்கிக் கிடக்கின்றன. அவருக்குத்தான் இப்போது படகு இல்லையே. இங்கே இன்னொருத்தர் என்ஜினையும் எண்ணெய்க்கு மாற்றியிருக்கிறேன். அவருக்குக் கொடுங்கள் என்றால், "அது எங்க அக்கா எண்ணெய், ஒருத்தருக்கும் தரமாட்டேன்" என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

அண்ணன் கால் இப்போது பரவாயில்லை. தகடு வைத்த இடம் ஆறிவிட்டது, கம்பு ஊன்றி நடக்கிறார். என் பட்டறையில்தான் உட்கார்ந்து வலை பின்னுகிறார்.

ஒன்று மட்டும் என் மனதை அறுக்கிறது. தீபாவளி கழித்து ஊற்றிய ஒரு டின்னில் யாரோ நெய்யைக் கலந்துவிட்டார்கள் அக்கா. விடிகாலை, மழை பெய்த குளிர். நெய் பில்டரில் கட்டியாக உறைந்து, என்ஜின் கப்பல் போகிற வழியில் நின்றுவிட்டது. டின்னில் மிஞ்சியதைப் பார்த்தேன், திரி நூல்கூட இருந்தது. நான்தான் வடிகட்டிப் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு எண்ணெய் கொடுத்தவன் எவனோ ஏமாற்றிவிட்டான். இனி அவனிடம் வாங்காதீர்கள்.

இப்படிக்கு
நிஜாம்


பிரிக்பீல்ட்ஸ்
22 ஜனவரி 2025

பக்கிரி,

நிஜாம் எழுதியிருந்தார்.

எந்தக் கால்? எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய்? யார் பார்த்துக்கொண்டது? தாமரை வேலைக்குப் போகாமல் இருந்தாளா? படகு என்ன ஆயிற்று, கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா?

கடல் சரியாக இருக்காது என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். மறுபடியும் என்னை ஏமாற்றுகிறான் என்று கடையில் எல்லாரிடமும் சொன்னேன்.

ஏன்டா சொல்லவில்லை?

ரமணி


காப்பார்
28 ஜனவரி 2025

அன்பு அக்காவுக்கு,

இடது கால். இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. தாமரை லீவு போட்டாள். இப்போது வலி இல்லை, மழை வந்தால் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. எல்லாம் கேட்டாய், சொல்லிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? அதைத்தான் நீ எழுதவில்லை.

நடந்தது இதுதான். என்ஜின் இருமுவது கைப்பிடியில் தெரிந்தது. டீசலுக்குத் திருப்பினால் பிழைத்துக்கொள்ளும் என்று நிஜாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். திருப்பினேன், அந்த டாங்கில் டீசல் இல்லை. உன் எண்ணெய் இருக்கிற தைரியத்தில் ஸ்டார்ட் பண்ணும் அளவுக்குத்தான் ஊற்றியிருந்தேன். அந்தக் கஞ்சத்தனம் என்னுடையது. பில்டரைக் கழற்றக் குனிந்தேன். பின்னால் மணல் ஏற்றிய பார்ஜ் மிதவையை இழுத்துக்கொண்டு ஒரு கப்பல் வந்தது. ஹாரன் அடித்திருக்கிறார்கள், எனக்குக் கேட்கவில்லை. அதன் அலை படகைத் தூக்கி, ஓரமாக நின்ற பழைய ஜெட்டியின் மரத்தூண்களில் அடித்தது. படகு இரண்டாகப் போயிற்று, கால் நடுவில் மாட்டிக்கொண்டது. என்ஜின் கடலுக்குள்.

பில்டரைத் திறந்ததுமே நெய் வாசம் வந்தது. அப்போதே தெரியும், இது என் அக்கா வேலை என்று. கோபம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வாய்க்கு வந்தபடி திட்டினேன், தாமரையைக் கேள். சொல்லத்தான் இருந்தேன். தைரியம் வரட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். தங்கமணியிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். அதற்குள் "பார், ஒன்றும் ஆகவில்லை" என்று நீ எழுதிவிட்டாய். அதைப் படித்த பிறகு எப்படி அக்கா சொல்வேன்? டின் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாய். அதனால் வாங்கி அடுக்கினேன்.

என்மேல் கோபம் வந்து ஐந்து வருஷம் பேசாமல் இருந்தவள் நீ. உன்மேலேயே உனக்குக் கோபம் வந்தால் எத்தனை வருஷம் இருப்பாய்? எனக்கு அந்தப் பயம்தான். கால் உடைந்ததுகூட இவ்வளவு பயமாக இல்லை.

பதினேழாம் தேதி வா. ஜெட்டியில் ஒரு படகு பேசியிருக்கிறேன். கூலிப் படகுதான். ஆனால் இந்தத் தடவை நான் கூட இருப்பேன்.

தம்பி
பக்கிரி


காப்பார்
4 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

சர்க்கரை எவ்வளவு? மாத்திரை போடுகிறாயா, இல்லை அதையும் நிறுத்திவிட்டாயா?

பதினேழாம் தேதி விடியும்போதே ஜெட்டிக்குப் போய்விட்டேன். உன் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு வெயில் ஏறுகிறவரை உட்கார்ந்திருந்தேன். படகுக்காரர் இரண்டு முறை கேட்டார், "உங்க அக்கா வருவாங்களாண்ணே?" என்று. வருவாள் என்றேன். கடைசியில் நானும் தாமரையும் போய் அத்தானுக்குப் பூ போட்டுவிட்டு வந்தோம். உன் பெயரையும் சொல்லித்தான் போட்டேன்.

நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கடை மூடிக் கிடக்கிறது, மாடியில் ஜன்னல் சாத்தியிருக்கிறது, கதவைத் தட்டினால் பதில் இல்லை என்று தங்கமணி சொன்னார். கோயிலுக்கும் நீ போவதில்லையாம். விளக்கை வேறு யாரோ துடைக்கிறார்களாம். நான் எதற்குப் பயந்தேனோ அதையே செய்கிறாய்.

அத்தான் போனபோது நீ கோபமாக இருப்பாய் என்று பயந்து நான் வராமல் இருந்தேன். அன்றைக்கு ரயில் ஏறி வந்து உன் முன்னால் நின்றிருந்தால் நாலு அடி அடித்திருப்பாய், அதோடு முடிந்திருக்கும். அதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன் அக்கா. ஐந்து வருஷம் திரும்பி வராது. இன்னொரு ஐந்து வருஷம் காத்திருக்க நமக்கு வயசு இல்லை.

எனக்கு எண்ணெய் வேண்டாம். இருப்பதையெல்லாம் நிஜாமுக்குக் கொடுத்துவிட்டேன். படகும் வேண்டாம்.

இந்தக் கடிதத்தைத் தங்கமணி நாளைக்கு உன் கதவுக்கு அடியில் தள்ளுவார். நாளை மறுநாள் காலையில் கிள்ளானில் ரயில் ஏறுகிறேன். லோரியில் ஏற இந்தக் கால் விடவில்லை, ரயில் என்றால் கம்பை வைத்துச் சமாளித்துவிடுவேன். மாடிப்படி எத்தனை இருந்தாலும் ஏறி வந்து கதவைத் தட்டுவேன். உள்ளே இருந்துகொண்டு "போடா" என்று நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது. நீ திறக்கிறவரைக்கும் தட்டிக்கொண்டேதான் இருப்பேன்.

தம்பி
பக்கிரி